நாராவில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் நாரா பெரும்பாலும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். காலையில் கியோத்தோவிலிருந்து நாரா, மதியத்துக்கு மேல் ஃபுஷிமி இனாரி ஆலயம், இரவு ஒசாகா. மான்களோடு நாலு படம், பெரிய புத்தர் முன்னால் ஒரு படம், உடனே அடுத்த ரயில். இந்த ஊரில் பயணிகள் செய்யும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். மற்ற தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில் பிறப்பவை. தப்பான ரயிலில் ஏறுவது, மானிடம் கடி வாங்குவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவது, மூன்று மணிக்குப் பசியோடு மூடிய உணவகங்களின் வாசலில் நிற்பது எல்லாம் அரை நாளில் நாராவை முடிக்க நினைப்பதால் வருகிறவை. ஒரு முழு நாள் கொடுங்கள். காலை ஏழரைக்கு ஊருக்குள் இருங்கள், இருட்டிய பிறகு கிளம்புங்கள்.

அப்படிக் கொடுக்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கி.பி. 710இல் பேரரசி கெம்மெய் தன் தலைநகரை இங்கே மாற்றினார். சீனத்தின் தாங் அரசர்கள் ஆண்ட சாங்கான் நகரைப் பார்த்து, நேர் நேரான தெருக்களோடு அமைத்த ஊர். அன்று அதன் பெயர் ஹெய்ஜோக்கியோ. இடையில் சில ஆண்டுகள் தவிர 784 வரை இதுதான் ஜப்பானின் தலைநகர். பிறகு அரசும் அதிகாரமும் நாகாவோக்காவுக்கும் அங்கிருந்து 794இல் இன்றைய கியோத்தோவுக்கும் போய்விட்டன. பெரிய கோயில்கள் நாராவிலேயே தங்கிவிட்டன. 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நாராவின் எட்டு இடங்களில் ஐந்து, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கியோத்தோவில் ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் இடையே பஸ்ஸில் செலவாகும் நேரம் இங்கே மிச்சம். அதைக் கோயில்களுக்குள் செலவழிக்கலாம்.

இரண்டு நிலையங்கள்

கியோத்தோவிலிருந்து நாரா ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வேஸ்), கிந்தெத்சு என்று இரண்டு நிறுவனங்கள் ரயில் விடுகின்றன. இரண்டுக்கும் நாராவில் தனித்தனி நிலையம். கிந்தெத்சு நாரா நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. படியேறி வெளியே வந்து சில நிமிடம் கிழக்கே நடந்தால் மான்கள் திரியும் நாரா பூங்கா தொடங்கிவிடும். ஜே.ஆர். நாரா நிலையத்திலிருந்து அதே இடத்துக்கு சன்ஜோ தெரு வழியாகக் கூடுதலாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நல்ல கடைத்தெருதான், ஆனால் காலையில் அந்தக் கால் மணி நேரம் விலைமதிப்புள்ளது. கையில் ஜே.ஆர். பாஸ் இருப்பவர்கள் ஜே.ஆரிலேயே வரலாம். பாஸ் கிந்தெத்சுவில் செல்லாது. பாஸ் இல்லாதவர்கள் யோசிக்காமல் கிந்தெத்சுவைப் பிடியுங்கள்.

கிந்தெத்சுவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கியோத்தோவிலிருந்து கிளம்பும் வண்டிகள் எல்லாமே நாராவுக்குப் போவதில்லை. யமாத்தோ சைதாய்ஜி என்ற சந்திப்பில் பாதை பிரிகிறது. காஷிஹாரா பக்கம் போகும் வண்டியில் இருந்தால் அங்கே இறங்கி நாரா வண்டிக்கு மாற வேண்டும். தூங்கிவிட்டால் தெற்கே எங்கேயோ போய் நிற்பீர்கள். லிமிடெட் எக்ஸ்பிரஸில் 35 நிமிடத்தில் வந்துவிடலாம், அதற்கு ரயில் கட்டணத்துக்கு மேல் தனியாக ஒரு டிக்கெட் வேண்டும். சாதா எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரம் போலப் பிடிக்கும், கூடுதல் காசு கிடையாது.

ஜே.ஆரில் வருகிறவர்கள் மியாகோஜி ரேபிட் என்ற வேக வண்டியைப் பாருங்கள். எல்லா நிலையத்திலும் நிற்கும் லோக்கலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபுஷிமி இனாரியையும் நாராவையும் ஒரே நாளில் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: இனாரி நிலையம் இதே பாதையில்தான் இருக்கிறது, ஆனால் இந்த ரேபிட் அங்கே நிற்காது. அந்த இரண்டையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

கிந்தெத்சுவில் வந்தால் சைதாய்ஜியைத் தாண்டியதும் கைப்பேசியைக் கீழே வையுங்கள். ரயில் பழைய அரண்மனை வளாகத்தின் நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் 1998இல் மறுபடி கட்டிய சுசாக்கு வாயில், மறுபக்கம் 2010இல் எழுப்பிய பெரிய அரசவை மண்டபம், சுற்றிலும் புல்வெளி. எட்டாம் நூற்றாண்டின் தலைநகர் எவ்வளவு பரந்தது என்று கண்ணால் அளந்து பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்வது

பகல்பொழுதுக்கு மட்டும் வந்து போகும் கூட்டம் ஒன்பதரை, பத்து மணிக்கு இறங்கத் தொடங்கும். சுற்றுலாப் பேருந்துகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதே நேரம்தான். மூன்று, நான்கு மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள். ஆக, நாராவின் நல்ல பொழுது காலையிலும் மாலையிலும் இருக்கிறது. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கிறது. அந்த முதல் அரை மணி நேரத்தில் உள்ளே போனால் அந்த இடத்தின் பிரம்மாண்டம் உங்களுக்கே உங்களுக்கு. பதினோரு மணிக்குப் போனால் முன்னால் நிற்பவர்களின் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளுக்கு நடுவே புத்தரைத் தேட வேண்டும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் தோதாய்ஜி, அங்கிருந்து மலையடிவாரம் வழியாகக் கசுகா ஆலயம், மதியம் பழைய மர வீடுகள் இருக்கும் நாராமாச்சி பகுதியில் சாப்பாடு, பிற்பகலில் கோஃபுகுஜி கோயிலின் பொக்கிஷ மண்டபம், மாலையில் மறுபடி மேலே ஏறி, தோதாய்ஜிக்கு மேலே இருக்கும் நிகத்சுதோ மண்டபம். பெரும்பாலானவர்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கோஃபுகுஜியில் தொடங்கி, வழியில் மான்களோடு ஒரு மணி நேரத்தைக் கழித்து, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது புத்தரிடம் போகிறார்கள். வரிசையை மாற்றினாலே நாளின் தரம் மாறிவிடும்.

மான்களிடம் செய்யக்கூடாதவை

பூங்காவிலும் அதைச் சுற்றியும் 1,300க்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை. அவை காட்டு விலங்குகள், 1957 முதல் தேசிய இயற்கைச் சின்னம். கசுகா ஆலயத்தின் தெய்வமான தகேமிகாசுச்சி தொலைவிலுள்ள காஷிமாவிலிருந்து வெள்ளை மான்மேல் ஏறி வந்தார் என்பது ஐதீகம். அதனால் இவை தெய்வத்தின் தூதர்களாக மதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சியவை 79 மட்டுமே. இன்று நாம் பார்க்கும் கூட்டம் அங்கிருந்து ஊர்க்காரர்கள் காப்பாற்றி மீட்டெடுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மானை விளையாட்டுப் பொம்மையாக நடத்தத் தோன்றாது.

மான்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கும் ஒரே பண்டம் ஷிகா செம்பே என்ற வட்ட பிஸ்கெட். அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்து, சர்க்கரை இல்லாமல் செய்தது. ஒரு கட்டு சுமார் 200 யென். கட்டைச் சுற்றியிருக்கும் தாள்கூட மான் தின்றால் கெடுதல் செய்யாத வகை. அந்தத் தாள் விற்பனையில் வரும் பணம் மான்களைப் பராமரிக்கும் அமைப்புக்குப் போகிறது. கையில் இருக்கும் முறுக்கையோ சிப்ஸையோ வாழைப்பழத்தையோ, குழந்தை ஆசைப்படுகிறது என்று நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் பையை அவை எட்டும் உயரத்தில் தொங்கவிடாதீர்கள். உணவு வாசனை ஒட்டிய பைகளைத் தின்று, வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் கட்டியோடு இறந்த மான்கள் 2019இல் கண்டெடுக்கப்பட்டன. பூங்காவில் குப்பைத்தொட்டிகள் அநேகமாகக் கிடையாது. குப்பை உங்கள் பையிலேயே ஊர் திரும்ப வேண்டும்.

கடி எப்படி விழுகிறது என்று கவனித்திருக்கிறேன். கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரிதான். பிஸ்கெட்டை உயரத் தூக்கிப் பிடித்து, மான் தலைகுனிந்து வணங்குவதைப் படம் எடுக்க நாலு ஐந்து முறை அதை ஏமாற்றுவார்கள். பொறுமை இழந்த மான் சட்டையையோ தொடையையோ பிடித்துவிடும். வாங்கின கையோடு, ஒன்றிரண்டு மான்கள் மட்டும் நிற்கும் இடத்துக்கு நகர்ந்து, தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், பெரும்பாலும் விலகிப் போய்விடும். பயந்து ஓடும் குழந்தையை மான் துரத்தும், அதனால் சின்னப் பிள்ளைகள் கையில் கட்டைக் கொடுத்துவிட்டு விலகி நிற்காதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கிடாமான்களுக்கு இனச்சேர்க்கைப் பருவம், கொம்போடு முட்ட வரும். மே மாதக் கடைசியிலிருந்து குட்டி போட்ட தாய்மான்கள். குட்டியைத் தொட்டால் தாய் பாயும். பாயாமல் போனாலும் மனித வாசனை ஒட்டிய குட்டியைத் தாய் ஒதுக்கிவிடக்கூடும், அது இன்னும் மோசம்.

தோதாய்ஜி: நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புவது

தோதாய்ஜிக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடும். நந்தைமோன் என்ற தெற்கு வாயிலை மான்கள் சூழ்ந்திருப்பதால் எல்லோரும் கீழேயே பார்த்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். இந்த வாயில் 1199இல் மீண்டும் எழுந்தது. இருபுறமும் மர அடைப்புக்குள் 8.4 மீட்டர் உயரக் காவல் தெய்வங்கள் இரண்டு, வழிப்போக்கரைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. உன்கெய், கைகெய் என்ற பெரும் சிற்பிகளின் தலைமையில் 1203இல் 69 நாட்களில் செதுக்கி முடித்தவை. நரம்பு புடைத்த அந்தக் கால்களுக்குக் கீழே பத்து நிமிடம் நிற்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை.

அடுத்தது மண்டபத்தின் முன்னால் இருக்கும் வெண்கல விளக்குத் தூண். எண்கோண வடிவம், நாலரை மீட்டருக்கும் மேல் உயரம், பக்கங்களில் இசைக்கருவி வாசிக்கும் போதிசத்துவர்கள். இது எட்டாம் நூற்றாண்டின் அசல். 1180இல் தைரா குலத்துப் படைகள் வைத்த தீயிலும், 1567இல் நடந்த போரிலும் பின்னால் இருந்த மண்டபம் இரண்டு தடவை சாம்பலானது. வாசலில் நின்ற இந்த விளக்கு பிழைத்தது. இதன் மேல் சாய்ந்துகொண்டு மண்டபத்தைப் படமெடுக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

இன்றைய மண்டபம் 1709இல் கட்டி முடித்தது. முந்தையது ஏறக்குறைய 86 மீட்டர் அகலம், இது 57 மீட்டர். பணமும் பெரிய மரங்களும் கிடைக்காததால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கினார்கள். சுருக்கியும் அது 1998 வரை உலகின் மிகப்பெரிய மரக் கட்டடம் என்றே சொல்லப்பட்டது. உள்ளே அமர்ந்திருப்பவர் வைரோசன புத்தர், உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். அம்மை நோயும் பஞ்சமும் நாட்டை உலுக்கிய பிறகு, 743இல் பேரரசர் ஷோமு இந்தச் சிலைக்கு ஆணையிட்டார். நிலநடுக்கமும் தீயும் தாக்கியதில் தலை பலமுறை மாறியது, இப்போதிருப்பது 17ஆம் நூற்றாண்டில், எடோ காலத்தில் வார்த்தது. ஆனால் கீழே தாமரைப் பீடத்தின் இதழ்களில் பல நாரா காலத்தவையே. அவற்றின்மேல் மெல்லிய கோடுகளாகப் புத்தர்களும் உலகங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மண்டபத்தைச் சுற்றி வருகையில் ஒரு இதழின் மாதிரியைக் கிட்டத்தில் பார்க்கலாம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்மையிலேயே 1,250 ஆண்டு பழைய பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

இந்தச் சிலைக்கு 752இல் கண் திறந்தவர் போதிசேனர். தென்னிந்தியாவில் பிறந்து, சீனம் வழியாக 736இல் ஜப்பான் வந்த துறவி. சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நமக்குப் பழக்கமானதுதான். இங்கே நடந்தது அதன் மாபெரும் வடிவம். அவர் கையில் இருந்த தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி புண்ணியத்தில் பங்குகொண்டார்கள். தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. போதிசேனர் 760இல் ஜப்பானிலேயே இறந்தார். தமிழ் பேசும் பயணிகள் இவ்வளவு தூரம் வந்து இந்தப் பெயரைக் கேள்விப்படாமலே திரும்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அந்த ஷோசோயின், புத்தர் மண்டபத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரக் கருவூலம். ஷோமு இறந்த பிறகு 756இல் அவர் மனைவி பேரரசி கோம்யோ கணவரின் பொருட்களைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அந்தச் சேகரிப்பில் ஐந்து நரம்பு கொண்ட ஒரு வீணை வகை இருக்கிறது. அந்த வடிவம் இந்தியாவில் பிறந்தது, உலகில் அந்த வகையில் பழையதாக மிஞ்சியது இது ஒன்றுதான். கட்டடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்க்கலாம், அதுவும் வார நாட்களில் காலை 10 முதல் 3 மணி வரை. சனி ஞாயிறில் போய் மூடிய கதவைப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் பொருட்களில் ஒரு சிறு பகுதியை ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்டுவார்கள். அந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மற்ற நாட்களில் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கசுகா

கசுகா ஆலயம் 768இல் நிறுவப்பட்டதாக வரலாறு, அக்காலத்தில் அரசையே ஆட்டிப்படைத்த ஃபுஜிவாரா குலத்தின் ஆலயம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், 2016இல் நடந்தது அறுபதாவது தடவை. பாதையோரம் பாசி படிந்த கல்விளக்குகள் சுமார் 2,000, உள்ளே தொங்கும் உலோக விளக்குகள் சுமார் 1,000. இவை எல்லாம் பக்தர்கள் நேர்ந்துவைத்தவை. பிப்ரவரியில் செத்சுபுன் திருநாள் அன்றும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும்தான் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். மற்ற நாளில் போகிறவர்கள் வெளிப்பிராகாரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கட்டணம் கட்டி உள்ளே போனால் ஃபுஜினாமி-நோ-யா என்ற இருட்டறை ஒன்று இருக்கிறது, அங்கே எந்த நாளும் விளக்குகள் எரியும்.

ஆலயத்தின் பின்னால் இருக்கும் கசுகா மலைக்காட்டில் 841 முதல் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. ஒரு நகரத்தின் விளிம்பில் இவ்வளவு காலமாகக் கோடாலி படாத காடு. இங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பாமல், மரங்களுக்கிடையே தெற்கே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்து ஷின்யகுஷிஜி என்ற சின்னக் கோயிலுக்குப் போகலாம். நடுவில் மருத்துவ புத்தர், அவரை வட்டமாகச் சூழ்ந்து காக்கும் பன்னிரண்டு களிமண் சேனாதிபதிகள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் எட்டாம் நூற்றாண்டுக்காரர்கள். கூட்டம் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

வணங்கும் முறை

ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் ஆலயத்தில் (கசுகா அப்படிப்பட்டது) இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிவார்கள். புத்தர் கோயிலில் கைதட்டுவது கிடையாது, நம்மைப் போலக் கைகூப்பினால் போதும். கசுகாவில் கற்றுக்கொண்டதைத் தோதாய்ஜியில் செய்து காட்டுகிறவர்கள் நிறைய. வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு உள்ளங்கையில் ஊற்றிய நீரால் வாய் கழுவ வேண்டும். குடிக்கக் கூடாது, அகப்பையை வாயில் வைக்கவும் கூடாது. புத்தர் மண்டபத்துக்குள் செருப்போடு போகலாம். நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அங்கே கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தால் வழிகாட்டுபவர்கள் குழம்பிப் போவார்கள். பெரிய மண்டபத்தில் படமெடுக்கலாம். கோஃபுகுஜியின் பொக்கிஷ மண்டபத்தில் எடுக்கக் கூடாது.

கோஃபுகுஜியில் கோபுரத்தைத் தேடுவது

நாரா என்றதும் எல்லாப் படத்திலும் வருவது கோஃபுகுஜியின் ஐந்தடுக்குக் கோபுரம், 50 மீட்டர் உயரம், 1426இல் கட்டியது. இப்போது அது பெரும் பழுதுபார்ப்புக்காக முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. வேலை 2030களில்தான் முடியும். குளத்தில் கோபுரம் தெரியும் படத்தை நம்பிப் போய் ஏமாந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் பொக்கிஷ மண்டபத்துக்குள் போவதில்லை. ஒரு நாளில் ஒரே ஒரு கட்டணம்தான் கட்ட முடியும் என்றால் நான் அதை இங்கேதான் கட்டுவேன்.

உள்ளே 734இல் செய்த அசுரன் சிலை இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை, ஒன்றரை மீட்டர் உயரம், மெலிந்த உடல். நாம் கதைகளில் கேட்ட அசுரனின் கோபம் அங்கே இல்லை. புருவம் லேசாக நெரிந்து, தான் செய்ததை நினைத்து வருந்தும் பிள்ளையின் முகம். புத்தரின் போதனையைக் கேட்டு மனம் மாறி அவரைக் காக்கும் எண்மரில் ஒருவராக நிற்கிறார். அதே வரிசையில் பறவைத் தலையோடு கருடன், பக்கத்தில் கின்னரன், கந்தர்வன். இவர்கள் யாரென்று ஒரு தமிழ்ப் பிள்ளையால் உடனே சொல்லிவிட முடியும்.

இந்தக் கோயில் பலமுறை எரிந்திருக்கிறது. இச்சிலைகள் எப்படித் தப்பின என்பதற்குச் செய்முறையிலேயே விடை இருக்கிறது. களிமண் அச்சின்மேல் அரக்குப்பாலில் தோய்த்த சணல் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வெறும் கூடு. அசுரன் சிலையின் எடை 15 கிலோ போலத்தான். தீப்பிடித்தபோது துறவிகள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியும். மாலை 5 மணிக்கு மூடுவார்கள், நாலு மணிக்குள் உள்ளே இருங்கள்.

சாப்பாடு

சைவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். காய்கறி உதோன் (தடித்த நூடுல்ஸ்), மிசோ சூப் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் குழம்பின் அடிநீர் பெரும்பாலும் காய்ந்த சூரை மீனிலிருந்து எடுத்தது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் நீர் வந்துவிடும். மீன், மீன் நீர் இரண்டும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருங்கள். நாராவின் புகழ்பெற்ற மிவா சோமென் நூடுல்ஸுக்கும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இதே பிரச்சினை. பேரீச்சை போல இனிக்கும் காக்கி (பெர்சிமன்) பழத்தின் மர இலையில் சுற்றிய காக்கினோஹா சூஷிக்குள் கானாங்கெளுத்தியோ சால்மனோ இருக்கும், மீன் சாப்பிடுகிறவர்கள் தவறவிடக்கூடாதது. நாராசுகே ஊறுகாய் சாக்கே மதுவின் வண்டலில் ஊறியது, மது தொடாதவர்கள் தவிருங்கள். தைரியமாகச் சாப்பிடக்கூடியவை யோஷினோ கூசு என்ற கொடிக்கிழங்கு மாவில் செய்யும் இனிப்புகள், சோயா மாவில் புரட்டிய வராபி மோச்சி, யோமோகி இலை சேர்த்து இடித்த பச்சை நிற மோச்சி.

பல உணவகங்கள் இரண்டு, இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கும். பன்னிரண்டு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். நாராமாச்சியின் பழைய மர வீடுகளில் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன, பக்கத்திலேயே காங்கோஜி கோயில். அதன் கூரையில் தலைநகர் இங்கே வருவதற்கும் முந்தைய அசுக்கா காலத்து ஓடுகள் இன்னும் மழையைத் தாங்குகின்றன. சிறிய கோயில்களிலும் கடைகளிலும் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் வேண்டும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இக்கோகா மாதிரி ஐ.சி. கார்டு போதும். பெட்டிகளோடு வந்தால் நிலைய லாக்கரில் வைத்துவிடுங்கள், பெரிய லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும்.

மாலையும் மறுநாளும்

ஐந்து மணிக்கு எல்லாம் மூடிவிட்டது என்று ரயிலேறுவது கடைசித் தவறு. நிகத்சுதோ மூடுவதில்லை, கட்டணமும் இல்லை. தோதாய்ஜிக்கு மேலே மலைச்சரிவில், மேற்கே பார்த்த மரத் தாழ்வாரம். புத்தர் மண்டபத்தின் கூரையும் முழு நகரமும் கீழே தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 முதல் 14 வரை இரவில் துறவிகளின் உதவியாளர்கள் பெரும் தீவட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தத் தாழ்வாரத்தில் ஓடுவார்கள். 752இல் தொடங்கிய இந்தச் சடங்கு இடையில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அந்த நாட்களில் போவதாக இருந்தால் சீக்கிரமே இடம் பிடிக்க வேண்டும், தீப்பொறி விழும், நைலான் உடை வேண்டாம்.

ஹோரியூஜி கோயிலை இந்த நாளில் சேர்க்காதீர்கள். உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன என்பதால் ஆசை வரும். ஆனால் அது நாரா நகரில் இல்லை. ஜே.ஆரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போய், இறங்கி இருபது நிமிடம் நடக்க வேண்டும். மேற்கு நாராவில் இருக்கும் யகுஷிஜிக்கும், ஐந்து முறை ஜப்பான் வர முயன்று தோற்று, கண்பார்வையும் இழந்து, ஆறாவது முறை சீனத்திலிருந்து வந்து சேர்ந்த கன்ஜின் துறவி 759இல் நிறுவிய தோஷோதாய்ஜிக்கும் இதே கதைதான். இந்த மூன்றுக்கும் இரண்டாவது நாள் ஒன்று வேண்டும். முடிந்தால் நாராவிலேயே ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை ஹோரியூஜியில் தொடங்கி, பிற்பகலில் மேற்கு நாராவின் இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டு, பக்கத்து நிஷினோக்கியோ நிலையத்திலிருந்தே கிந்தெத்சுவில் கியோத்தோ திரும்பலாம்.